கைப்பிடி மட்டும்

"ஏட்டி, தீப்பெட்டியை எடுத்துட்டு வா," என்றார் வேணுகோபால்.

தீபலட்சுமிக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. எட்டேகால் பஸ்ஸை விட்டால் கோவில்பட்டிக்கு அடுத்தது ஒன்பதரைக்குத்தான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே என்னடாவென்றால், அப்பா ஒரு கைப்பைக்குத் தீ வைக்கப் போகிறார்.

சிங்கப்பூரிலிருந்து ஜெயகிருஷ்ணன் அனுப்பிய பை. வெள்ளிக்கிழமை அவனுக்கும் அவளுக்கும் நிச்சயதார்த்தம். பையின் விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று அவனுடைய அம்மா போன் போட்டு நாலு தடவை சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சந்தனமாரி சும்மா இருந்தாளா? "இதே பை கோவில்பட்டியில எண்ணூறு ரூவாய்க்குத் தொங்குதுல்லா" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதோடு போயிற்று வீட்டு நிம்மதி. மூன்று நாளாக இதே பேச்சு. பை நிஜம் என்றால் மாப்பிள்ளையும் நிஜம், பை பொய் என்றால் வெள்ளிக்கிழமை கிடையாது என்று வேணுகோபால் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையைக்கூட யாரும் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. வந்தார்கள், காபி குடித்தார்கள், பூ வைத்தார்கள், இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள்.

தீபலட்சுமியின் போனில் ஒரு சென்னைப் பெண் அசல் பையைக் கண்டுபிடிக்க எட்டு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். தீபலட்சுமி நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். தையல் நேராக இருக்கிறதா? இருக்கிறது. ஜிப் சிக்காமல் ஓடுகிறதா? ஓடுகிறது. உள்ளே நம்பர் இருக்கிறதா? இருந்தது. அம்மா வெள்ளைத்தாய் அதைக் காலண்டரின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

ஏழாவது வழி முடிந்ததும் தீபலட்சுமி போனை அணைத்தாள்.

"அந்தப் புள்ளைக்குத் தோலைப் பத்தி என்ன தெரியும்," என்று வேணுகோபால் பையை மடியில் போட்டுக்கொண்டார்.

நாற்பது வருஷம் ஆட்டுக் கிடையில் கிடந்தவர். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே வெள்ளாட்டுத் தோலா செம்மறித் தோலா என்று சொல்லிவிடுவார். நகத்தால் கீறினார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார்.

கைப்பிடிக்கு வந்ததும் விரல் நின்றது. "இது நல்ல தோலு. கன்னுக்குட்டி."

வெள்ளைத்தாய் பையைத் தொட்டுக்கொண்டிருந்த கையை வெடுக்கென்று எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

தீபலட்சுமி தீப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பையோடு அவன் ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தான். ஆட்டு வாடை படாமல் வைத்துக்கொள், டிபன் பாக்ஸ் கிபன் பாக்ஸ் எல்லாம் இதில் வைக்காதே, இனிமேல் நீ வேலைக்கா போகப் போகிறாய் என்று சிரித்திருந்தான். அதை அன்றைக்கே அம்மாவிடம் போட்டுக் காட்டினாள். "நல்லதுதான சொல்லுதாரு," என்று சொல்லிவிட்டு வெள்ளைத்தாய் பையின் ஜிப்பை இழுத்துப் பார்க்கப் போய்விட்டாள்.

வேணுகோபால் தீக்குச்சியைக் கிழித்துப் பையின் அடி மூலையில் காட்டினார்.

தோல் என்றால் முடி கருகின வாடை வர வேண்டும். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் வாடை அடித்தது. கருகிய இடத்தில் துணி நூல் எட்டிப் பார்த்தது.

அவர் உடனே ஜெயகிருஷ்ணனின் அப்பாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் அவர் சத்தியம் பண்ணுவது இங்கே வரை கேட்டது.

"கைப்பிடியை மட்டும் தோல்ல போட்டு, மத்ததெல்லாம் துணியில பிளாஸ்டிக் பூசி அனுப்பிருக்காரு உங்க மகன். ஆட்டுக்காரன்ட்டயே தோலைக் காட்டுதியளோ? வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம்."

போனை வைத்துவிட்டார். வெள்ளைத்தாய் மூக்கைச் சிந்தினாள்.

"வருத்தப்படாத தாயி," என்றார் மகளிடம். குரல் இறங்கியிருந்தது. "அந்தச் சனியனைத் தூரப் போடு."

தீபலட்சுமி பையை எடுத்தாள். தூரப் போடவில்லை. டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் அதற்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு, ஒன்பதரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

எட்டயபுரம் தாண்டியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காதில் இயர்போனை மாட்டி, அப்பாவுக்குக் காட்டாத எட்டாவது வழியைப் போட்டாள்.

"இதுதான் ரொம்ப முக்கியம்," என்றாள் சென்னைப் பெண். "இந்த மாடல்ல முழுக்கத் தோலா இருந்தா, அது டூப்ளிகேட். ஒரிஜினல்ல பை பூரா பூச்சு போட்ட துணி. கைப்பிடி மட்டும்தான் கன்னுக்குட்டித் தோல்."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை.

ஜெயகிருஷ்ணனை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. பை விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாக ஜிப்பைக் கேட்டார்கள், தையலைக் கேட்டார்கள், தோலைக் கேட்டார்கள். அவனைப் பிடித்திருக்கிறதா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மடியில் பைக்குள் டிபன் பாக்ஸ் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு அதுகூடச் செய்யாதா என்ன.