ஆறாவது துண்டு

அமெரிக்காவின் லோவெல் நகரத்து நூற்பாலையில் வேலை பார்க்கும் டெலிமாவுக்கு, கனடாவின் கியூபெக்கிலிருந்து தங்கை எக்ஸில்டாவின் கடிதம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுதுவது தங்கைதான்.

“போன ஞாயிறு பூசையில எல்லாருக்கும் பகிர மந்திரிச்ச ரொட்டி கொடுக்கிறது நம்ம வீட்டு முறை, அக்கா. அம்மா சோம்பு போட்டுச் சுட்டாங்க. நம்ம பெஞ்சுல நாங்க அஞ்சு பேர். கோயில்பிள்ளை திவியேர்ஜ் ஆறு துண்டு கொடுத்தாரு. ‘எண்ணத் தெரியாதாய்யா?’ன்னு அம்மா கேட்டாங்க. ‘தலையை எண்ணித்தாம்மா கொடுத்தேன். ஓரத்துல பழுப்புச் சால்வையோட உட்கார்ந்திருந்த உம் மூத்தவளுக்கு வேண்டாமா?’ன்னாரு. வீட்டுக்கு வந்து பார்த்தா ஆறாவது துண்டைக் காணோம். அடுத்த ஞாயிறு நீ ஓரத்துல உட்கார வேண்டாமாம். தன் பக்கத்துல வந்து உட்காரச் சொல்றாங்க அம்மா.”

“நீதான் அன்னைக்குப் பூசைக்கே போகாம மத்தியானம் வரைக்கும் குறட்டை விட்டியே!” என்று சிரித்தாள் அறைத்தோழி ஒடிலி.

டெலிமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பழுப்புச் சால்வை வாங்கியதை அவள் வீட்டுக்கு எழுதவே இல்லை. பூசைக்குப் போவதை விட்டு ஒரு மாதமாகிறது என்பதையும்தான்.

ஆணியில் தொங்கிய சால்வையை எடுத்தாள். அதன் நுனியில் அவள் போடாத முடிச்சு ஒன்று இருந்தது. அவிழ்த்தாள்.

ரொட்டி இன்னும் மெத்தென்று இருந்தது. சோம்பு மணந்தது. ஒடிலிக்குப் பாதியைப் பிட்டுக் கொடுத்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

“நாளைக்கு என்னை எழுப்பாதடி.”