கரும்பாகு பூசிய பெண்

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவு வழக்கப்படி, கல்யாணத்துக்கு முந்தின வாரம் தோழிகள் இங்காவை லாரியில் ஏற்றி, உடம்பெல்லாம் கரும்பாகு பூசி, விஸ்கி பாட்டிலோடு ஊரைச் சுற்றி வந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். நாலடி வைப்பதற்குள் அவள் கால் பின்னியது.

“நாலு மடக்குக்கே இந்த ஆட்டமாடி, கல்யாணப் பொண்ணே!” என்று தோழி தோரா கைகொட்டினாள்.

சக்கர நாற்காலியில் இருந்த அம்மா மெரனும் சிரித்தாள். தன்னை முடக்கிய நரம்பு நோய்க்கு வம்சமும் காரணமாகலாம், வெயில் காணாத இந்த ஊரும் காரணமாகலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மகளின் நடையிலேயே அவளுக்குக் கண். இன்றைய தள்ளாட்டம் விஸ்கியால்தான் என்பதில் ஒரு நிம்மதி.

“எவ்வளவுடி குடிச்சே?”

இங்கா குனிந்து அம்மாவின் காதில் சொன்னாள். “ஒரு சொட்டும் தொடலம்மா. பாட்டில வாயில வெச்சு நடிச்சேன். வயித்துல பிள்ளைம்மா, இன்னும் யார்கிட்டயும் சொல்லல!”

மெரன் மகளின் கையைப் பிடித்தாள்.

“இன்னொரு தடவை நடந்து காட்டுடி.”