பன்னிரண்டு மணிக்குள்

அகப்பட்டுக்கொண்டது.

ஒரே ஒரு சொட்டு. பச்சை நிறம். ரேடியேட்டரிலிருந்து வரும் ஹோஸ் எஞ்சினோடு சேருகிற இடத்தில், தெர்மோஸ்டாட் மூடியின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான்கு மாதமாகக் கூலண்ட் எங்கோ ஒழுகி, கார் கொதித்துக் கொதித்து நின்றது. மூன்று மெக்கானிக். ஒருவன் ரேடியேட்டரை மாற்றினான். ஒருவன் ஹோஸை மாற்றினான். மூன்றாமவன் வண்டியையே மாற்றச் சொன்னான்.

இப்போது டார்ச் வெளிச்சத்தில் அவரே அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள், மகள் நர்மதாவோடும் பிறந்து நான்கே நாளான பேத்தியோடும்.

மணி எட்டரை. பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

இந்த வண்டியில்தான் கிளம்ப வேண்டும்.

அதில் அவர் ஒற்றைக்காலில் நின்றார். நர்மதா பிறந்தபோது கொட்டும் மழையில், ஒழுகுகிற ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இருபத்தேழு வருடமாக அந்த ஆட்டோ அவர் மனதை விட்டு இறங்கவில்லை.

நேற்று மாலை சம்பந்தி பரஞ்சோதி, தன் புதுக் காரின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "உங்க வண்டி வழியில நின்னுட்டா பச்சப்புள்ளைக்குக் கஷ்டம். நானே உங்க வீட்டுல கொண்டாந்து விட்டுர்றேன்."

நியாயமான பேச்சு. அதனால்தான் இவருக்கு அவ்வளவு கோபம் வந்தது.

எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறாமல் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரா அவர்? படுக்கையறை டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, வயரை ஜன்னல் வழியாக இழுத்து, எஞ்சினுக்குக் காற்று போட்டார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

பத்து மணி.

இரண்டே போல்ட். முதலாவது சமர்த்தாகக் கழன்றது. இரண்டாவது அசைய மறுத்தது. எண்ணெய் விட்டார். திட்டினார். கெஞ்சினார். கெஞ்சியதற்குத்தான் இறங்கி வந்தது.

மூடியைத் தூக்கினார். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கட் அட்டை நைந்து, ஒரு பக்கம் இல்லவே இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டார். நாளைக்கு வரும் என்றார்கள். நாளை என்பது அவருக்குக் கெட்ட வார்த்தையாகக் கேட்டது.

கெட்டியான அட்டை இருந்தால் போதும். தாமே வெட்டிக்கொள்வார்.

பீரோவின் மேல் மகளின் கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு மீந்து கிடந்தது. இருப்பதிலேயே கெட்டியான அட்டையில்தான் அடிக்க வேண்டும் என்று அப்போது பிடிவாதம் பிடித்தவர் பரஞ்சோதிதான்.

அட்டையை மூடியின் மேல் வைத்து, ஓரமாகச் சுத்தியலால் தட்டித் தட்டி அச்சு எடுத்தார். மனைவி இருந்திருந்தால் தொடவே விட்டிருக்க மாட்டாள். பிள்ளையார் படத்தை மட்டும் பத்திரமாக வெட்டி எடுத்துத் தனியே வைத்தார். போல்ட் துளைகளில் ஒன்று பரஞ்சோதியின் பெயருக்கு நடுவில் விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. வருத்தப்படவும் இல்லை.

பேஸ்ட் தடவினார். பூட்டினார். கூலண்ட் ஊற்றினார். வண்டியைக் கிளப்பிவிட்டு, மண்டியிட்டு டார்ச் அடித்தார்.

ஐந்து நிமிடம்.

பத்து நிமிடம்.

சொட்டவில்லை.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதிக்கு ஏறி நின்றது. நின்றேவிட்டது.

அறுபது வயது மனிதர், கார் ஷெட்டில் தன்னந்தனியாக ஒரு குதி குதித்தார்.

பதினொன்று நாற்பது. கை கழுவக்கூட நேரமில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

நிற்கும்போதுதான் இந்த வண்டி கொதிக்கும். அவர் முள்ளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று அசையவே இல்லை. இன்னொன்று நிற்கவே இல்லை.

கேட் திறந்தபோது பன்னிரண்டு தாண்டி மூன்று நிமிடம்.

தோற்றுவிட்டார். தெரிந்தேதான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, புங்கமர நிழலில், அந்தப் புதுக் கார் நின்றது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பரஞ்சோதி மட்டும் இறங்கி வெயிலில் நின்றார்.

"பன்னெண்டுக்கு முன்னாலயே கேட்டத் தாண்டி எடுத்துட்டேன் சம்பந்தி. நீங்க வராம எப்படிப் போறதுன்னு நிக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "இனி உங்க வண்டிக்கு மாத்திருவோம். எழுப்பட்டுமா?"

இவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

நர்மதா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான்கு நாளாக அவள் கண் மூடவில்லை என்று மனைவி சொல்லியிருந்தாள். மடியில் துணிச் சுருளுக்குள் ஒரு சிறிய முகம். அதுவும் தூங்கியது. பக்கத்திலிருந்த மனைவி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

அவர் கரி படிந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு தன் வண்டியில் ஏறி, முன்னால் எடுத்தார்.

தென்காசி ரோட்டில் நட்டநடுவே, இருபதில் போனார். பள்ளம் வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் காட்டினார். லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் ஹாரனை அழுத்தி, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு விலகிப் போனார்கள்.

பின்னால் வந்த புதுக் கார் ஒருமுறைகூட முந்தப் பார்க்கவில்லை.