ஊற்று வரிசை

ஊற்று நிறையும்வரை அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம்.

அவன் குழிக்குள் குத்தவைத்திருந்தான். கையில் சிரட்டை. வறண்ட ஆற்று மணலில் இடுப்பளவுக்குத் தோண்டிய குழி. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதிலிருந்து நீர் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

விளிம்பில் அவள் நின்றாள். மற்றவர்களின் செருப்புகள் கரையில் கிடந்ததைப் பார்த்து, தன்னுடையதையும் அங்கேயே கழற்றிவிட்டிருந்தாள்.

மணல் சுட்டிருக்கும்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள். பெண் கூட வருவது வழக்கமில்லை. "நான்தான அங்க இருக்கப்போறேன்" என்று வேனில் ஏறிவிட்டாளாம்.

இவர்கள் நான்காவது வீட்டார்.

முன்பு வந்த மூன்று வீட்டாரும் நல்லவர்கள். காப்பி குடித்தார்கள். வாசலில் நின்ற தள்ளுவண்டியையும் அதில் அடுக்கியிருந்த குடங்களையும் பார்த்தார்கள். போன் பண்ணுகிறோம் என்றார்கள்.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. கருவேல விறகைக் கரியாக்கச் சொந்தமாக இரண்டு கரிமூட்டம். அவனிடம் யாரும் குறை சொன்னதில்லை.

ஊர்தான்.

அதனால் இந்த முறை அம்மா தள்ளுவண்டியை மாட்டுக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டாள். டவுனிலிருந்து நான்கு கேன் தண்ணீர் வரவழைத்துச் செப்புக் குடத்தில் ஊற்றி வைத்தாள். "ஊத்துன்னு ஒண்ணு இருக்கதா மூச்சு விடக் கூடாது" என்றாள்.

பெண் அதில் ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"இது எங்க ஊர்த் தண்ணில்லா?"

அடுப்படி மூலையில் காலிக் கேன்கள் தெரிந்தன. ஒட்டியிருந்த தாளில் அவள் ஊரின் பெயர்.

அவளுடைய சித்தப்பாதான் பேச்சை மாற்றினார். மடியிலிருந்த பேப்பரை விரித்தார். எந்தெந்த மாவட்டத்தில் வாழ்ந்தால் மனம் சோர்ந்துபோகும் என்று யாரோ கணக்கெடுத்து வரைபடம் போட்டிருந்தார்கள். இந்த மாவட்டம் நல்ல கறுப்பு.

"மாப்ள, மார்க்குல ஒங்க பக்கந்தான் கடைசி. ஆபீஸ்ல எவனாவது எதுத்துப் பேசினா, தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்னுதான மெரட்டுதான்."

"மாத்தலாகி வந்தவுகளத்தான் கேட்டுப் போட்டிருப்பாக" என்றான் அவன்.

அவள் மட்டும் சிரித்தாள்.

பிறகு கேட்டாள். "ஒங்க ஊர்த் தண்ணி எங்க இருக்கு?"

அம்மா பார்த்த பார்வைக்கு அவன் எழுந்திருக்கக் கூடாது.

எழுந்தான்.

ஊற்றுக்கு வெளியே ஒரு வரிசை. ஆட்கள் அல்ல. வெயிலில் யாரும் நிற்பதில்லை. வீட்டுக்கு ஒரு பொருள் நிற்கும். துருப்பிடித்த டின். அடி போன குடம். தலைக்கு வைக்கும் சும்மாடு. கடைசியில் செங்கல். முறை தப்பி எதையும் எவரும் தொடமாட்டார்கள். முன்னால் ஒன்று போனால் பின்னால் உள்ளவை ஓரடி நகரும்.

முதலில் இருந்த டின் முத்துராக்கு அக்காவுடையது. அவள் கருவேல மரத்து நிழலில் இருந்தாள். பக்கத்தில், பெண்ணுக்குத் துணையாக வந்த அவள் சித்தி. அந்தப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, வீடு பாக்க வந்த புள்ளயக் குழியக் காட்டக் கூட்டியாந்திருக்க? வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?"

"அவுகதான் கேட்டாக, அக்கா."

நீர் சேர்ந்துவிட்டது.

வழிப்போக்கருக்கு முதல் சிரட்டை. முறை யாருடையதாக இருந்தாலும். அது இந்த ஊற்றின் சட்டம்.

அலுங்காமல் மொண்டு உயர்த்தினான். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

கரிக்கும் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சிரட்டை அவள் உதட்டுக்குப் போய்விட்டது.

குடித்தாள். நெற்றி சுருங்கியது. அவள் அதை மறைக்கவில்லை.

அவன் குனிந்து ஊற்றைப் பார்த்தான். மறுபடி ஈரம் மட்டும்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது சிரட்டை காலியாக இருந்தது.

"உப்பு" என்றாள்.

"ஆமா."

"ஒரு கொடம் நெறைய எவ்வளவு நேரமாவும்?"

"முக்கா மணி நேரம். சித்திரையில இன்னும் கூட."

"அதுவர என்ன செய்வீய?"

வந்தவர்கள் யாரும் கேட்காத கேள்வி. அவனும் யோசித்ததில்லை.

"பேசிக்கிட்டு இருப்போம்."

அவள் திரும்பி நிழலைப் பார்த்தாள். முத்துராக்கு அக்கா கைகளை விரித்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பேப்பர் மணலில் கிடந்தது.

அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊருக்குள்ளிருந்து வேன் ஹாரன் அடித்தது. மறுபடியும்.

"ஏட்டி, சித்தப்பா கூப்பிடுதாவ. வா" என்றாள் சித்தி. எழுந்திருக்கவில்லை.

அவள் பையிலிருந்து பச்சை நிறப் பாட்டில் ஒன்றை எடுத்தாள். வழியிலேயே காலியாகியிருந்தது.

அவன் கை நீட்டினான். "குடுங்க, ரொப்பித் தாறேன். வெளியூர்க்காரவுகளுக்கு வரிசை கெடயாது."

அவள் கொடுக்கவில்லை.

வரிசையை ஒட்டி நடந்தாள். டின். குடம். சும்மாடு. செங்கல்.

குனிந்து, செங்கல்லுக்குப் பின்னால் பாட்டிலை வைத்தாள். காற்றில் சாயாமலிருக்க மணலில் சற்று அழுத்தினாள்.

கரையேறிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். சித்தி கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே பின்னால் போனாள்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

முத்துராக்கு அக்கா வந்து தன் டின்னை எடுத்தாள். வரிசையின் கடைசியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

அவன் மேலே வந்தான்.

குடத்தை ஓரடி நகர்த்தினான். சும்மாட்டை. செங்கல்லை.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பாட்டிலை.