ஏர்போர்ட்டில் கேட்டால்

"இன்னாத்துக்கு வெளிநாடு போற?" மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி, ஏர்போர்ட் அதிகாரி மாதிரி விறைப்பாகக் கேட்டார் அப்துல் ஜலீல்.

"வேலைக்குங்க சார்" என்றான் மகன் ஆசாத்.

"சத்தமா சொல்லு."

ஆசாத் சலித்துக்கொண்டான். "லைசென்ஸ் வெச்ச ஏஜென்ட், வேலை விசா, கம்பெனி ஒப்பந்தம், எல்லாம் கையில இருக்குது. இதைப் போயி நாலு நாளா மனப்பாடம் பண்ண வெக்கிறீங்களே, அத்தா."

ஜலீல் கல்லாப் பெட்டியை இழுத்து மூடினார்.

"உங்கண்ணன் வசீமுக்கும் இதே எடத்துலதான் சொல்லிக் குடுத்தேன். சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லுடான்னு. டூரிஸ்ட் விசாவுல வேலைக்குப் போறவன் வேற இன்னா சொல்றது? நல்லாத்தான் சொன்னான்." குரல் இறங்கியது. "கட்டடச் சாரத்துலேர்ந்து வுழுந்து பெட்டியில வந்தான். 'அவரு எங்ககிட்ட வேலையே செய்யல, சுத்திப் பாக்க வந்தவரு'ன்னுட்டான் கம்பெனிக்காரன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி விறைப்பானார்.

"இன்னாத்துக்குப் போற?"

"வேலைக்குங்க சார்." தெருவே திரும்பிப் பார்த்தது.