ஏரிக்கரை சூப்பர் ஹீரோவின் மகன்

கொடைக்கானல் ஏரிக்கரையில் மதியமே மூடுபனி இறங்குகிறது. சுற்றுலா வரும் குழந்தைகளோடு காசுக்குப் படமெடுத்துக்கொள்ள, காலையிலிருந்து காமிக்ஸ் சூப்பர் ஹீரோ உடையில் நிற்கும் பொன்னுவேல், முகமூடியைக் கழற்றிவிட்டுக் கட்டைச்சுவரில் சாய்கிறான். வியர்த்த முகத்தில் குளிர்காற்று அறைகிறது. பள்ளிச் சீருடைக்கு மேல் சிவப்புத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மகன் கவின் வந்து நிற்கிறான். உதட்டில் ரத்தம் காய்ந்திருக்கிறது.

"ஏலே, இன்னைக்கு யாரை அடிச்ச?"

"கூடப் படிக்கிற ஒருத்தன் உங்களைக் கோமாளின்னு சொன்னாம்ப்பா. இனி பள்ளிக்கூடம் போகல. உங்ககூடவே வேசம் கட்டி நிக்கிறேன்."

"கோமாளி சோலிதாண்டா பாக்குறேன். அதுக்குப் போயி அடிப்பியா?"

கவின் துண்டின் முடிச்சை இறுக்குகிறான். படமெடுக்க ஒரு குடும்பம் வருகிறது. பொன்னுவேல் எழப் பார்க்கிறான். நின்று நின்று மரத்துப்போன கால்கள் வர மறுக்கின்றன. கவின் குனிந்து தோளைக் கொடுக்கிறான். அந்தச் சின்னத் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுத்தான் பொன்னுவேலால் நிமிர முடிகிறது.