ஏழாவது தடவை

திருநகர் வீட்டில் பவதாரிணி முதல் தடவை காய்ச்சிய பீர் புளித்துப்போனது. "மதுரை வெயிலுக்கு இது சரிவராது, விட்ரு" என்றான் கணவன் விக்ரம். அவள் விடவில்லை. இரண்டாம் தடவை ஈஸ்ட்டைக் குறைத்தாள்; பானையை ஈரச்சாக்கால் சுற்றிவைத்தாள்.

பதினொரு பாட்டில்களை நிரப்பி அலமாரியில் பூட்டினாள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது பன்னிரண்டு இருந்தன. கூடுதல் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் அவள் கையெழுத்திலேயே 'ஏழாவது தடவை' என்று இருந்தது.

அவளுடைய பதினொன்றும் குடிக்க முடியாதபடி கசந்தன. அந்த ஒன்று மட்டும் அவள் நினைத்த அதே ருசி.

"இதுல என்ன போட்டிருக்குன்னு கண்டுபிடி, அதையே போட்ருவோம்" என்றான் விக்ரம்.

"ஏழு வரைக்கும் எவ காத்திருப்பா? மூணாவதுலயே கொண்டு வாரேன்."

அந்தப் பாட்டிலில் மீதி இருந்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினாள். நுரை அடங்குவதற்குள் பார்லியை ஊறப்போட்டாள்.